துடுப்புத் தட்டின் பின்பக்கம்

முதலில் ஒரு விடுகதை.

ஒரே பட்டறையில், ஒரே நாளில், ஒரே கையால் பிறந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெரியவர், ஒருவர் சிறியவர். ஒரே இடுப்பில் பதினொரு வருஷம் குடியிருந்தார்கள். மழை வந்தால் இருவரும் நனைந்தார்கள். வெயில் அடித்தால் இருவரும் காய்ந்தார்கள். ஆனாலும் ஒருவர் தேய்ந்த மாதிரி மற்றவர் தேயவில்லை.

ஏன்?

யோசித்துக்கொண்டிருங்கள். விடை தெரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். நாற்பது வருஷம் இடுப்பில் வாள் கட்டிய ஷிகெமட்சுவுக்கே அது தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

*

ஜப்பானில், கடலோரக் கோட்டை நகரம் ஒன்றில் இருந்தார் ஷிகெமட்சு. வயது ஐம்பத்தெட்டு. இனி யாரும் வாள் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது என்று சட்டம் வந்த வருஷம், அவர் கோயில் சந்தில் ஓரினின் கடை முன்னால் வந்து நின்றார்.

ஓரினுக்கு வயது முப்பத்தொன்று. வாளின் உலோக உறுப்புகளைப் பார்த்து, எது எதற்கு ஜோடி என்று சொல்வது அவள் தொழில். பிடியின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். பிடியின் நுனியில் ஒரு குமிழ் இருக்கும். பிடிக்கும் வெட்டும் அலகுக்கும் நடுவே, கையைக் காக்க ஒரு வட்டத் தட்டு இருக்கும். சட்டம் வந்ததும் ஊரெல்லாம் வாள்களைக் கழற்றிப் போட்டது. எல்லாம் கூடை கூடையாக அவளிடம் வந்து சேர்ந்தன.

ஷிகெமட்சு மடியிலிருந்து ஒரு தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். இரும்புத் தட்டு. ஒரு துடுப்பும் மூன்று அலைகளும் அதில் ஊடுருவ வெட்டப்பட்டிருந்தன.

"இது பெரிய வாளோட தட்டு. இதுக்கு ஜோடி, சின்ன வாளோட தட்டு, மீன் சந்தையில ஒரு சிறுமி கழுத்துல தொங்குது."

ஓரின் உலர்ந்த சீமைப்பனிச்சைப் பழம் தின்றுகொண்டிருந்தாள். கொட்டையை, ஜோடி கிடைக்காத ஒரு பித்தளை வளையத்துக்குள் துப்பினாள்.

"சரி. நான் என்ன செய்யணும்?"

"ஜோடிதான்னு சொல்லணும்."

"ஜோடிதான்னு சொல்லணுமா? இல்லை, ஜோடியான்னு பார்க்கணுமா?"

"அப்படிக் கேளுங்கம்மா!" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

*

அவரோடு வந்து வாசலில் நின்றவள் ஒகுமே. மீன் வலைகளுக்குக் கண்ணி போடுகிறவள். அவள் கையைப் பிடித்தபடி எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. பெயர் ஃபுமி. கழுத்தில் சணல் கயிறு. கயிற்றில் சின்ன இரும்புத் தட்டு. தட்டில் ஒரு துடுப்பு, மூன்று அலைகள்.

"இந்த ஐயா ஊர்ல மூணு கடைக்காரங்ககிட்ட போயிருக்காரு," என்றாள் ஒகுமே. "மூணு பேரும் ஜோடிதான்னு தலையாட்டிட்டாங்களாம். ஒருத்தராவது என் பிள்ளை கழுத்துல இருக்கறதை வாங்கிப் பார்க்கணுமே? பார்க்கலை. இவர் முகத்தைப் பார்த்தே சொல்லிட்டாங்க."

ஷிகெமட்சு தரையைப் பார்த்தார்.

"தட்டு எப்படி வந்தது உங்ககிட்ட?" என்று ஓரின் ஒகுமேயிடம் கேட்டாள்.

"கோட்டை எரிஞ்ச அன்னைக்கு. ஆத்து மணல்ல ஒரு பொண்ணு செத்துக் கிடந்தா. முதுகுல இவ. இடுப்புல ஒரு சின்ன வாள். பிடி உடைஞ்சு தொங்குச்சு. அலகைக் கழற்றி ஆத்துல போட்டுட்டேன். கைக்குழந்தை பக்கத்துல கத்தி எதுக்கு? தட்டு மட்டும் ஊறுகாய்ப் பானைக்குப் பாரம் வைக்க ஆகும்னு எடுத்துக்கிட்டேன்."

"ஊறுகாய்ப் பானைக்கா?" ஷிகெமட்சுவின் குரல் உயர்ந்தது.

"முள்ளங்கி ஊறுகாய். ஆறு வருஷம் நல்லா அழுத்துச்சு. அப்புறம் இவ கேட்டா. கயித்துல கட்டிக் கொடுத்தேன்."

ஷிகெமட்சு மெதுவாகச் சொன்னார்: "என் மகன் ஷின்பெய்க்குப் பதினைஞ்சு வயசு ஆனப்போ இந்த ஜோடியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். கோட்டை எரிஞ்ச அன்னைக்கு நான் ஊர்ல இல்லை. அவன் சின்ன வாளைப் பெண்டாட்டி இடுப்புல சொருகிட்டுப் பெரிய வாளோட வாசலுக்குப் போயிருக்கான். பெரிய வாள் திரும்பி வந்தது. அவன் வரலை. பெண்டாட்டியும் நாலு மாசக் குழந்தையும் என்ன ஆனாங்கன்னு யாருக்கும் தெரியலை."



"வாங்கிக் கொடுத்தது நீங்கதானே?" என்றாள் ஓரின். "பார்த்தா தெரியாதா?"

"துடுப்பு தெரியுது. அலை தெரியுது."

"துறைமுக ஊர்ல துடுப்புத் தட்டு நூறு இருக்கும்."

"நானும் அதைத்தான் சொன்னேன்," என்றாள் ஒகுமே.

"வாங்கும்போது பின்னால திருப்பிப் பார்த்தீங்களா, பெரியவரே?"

"பின்பக்கத்தை யார் பார்ப்பாங்க?"

ஓரின் இன்னொரு பழத்தை எடுத்தாள்.

ஒகுமே தொண்டையைச் செருமினாள். "அம்மா, நீங்க யாருக்காகவும் மாத்திப் பேச மாட்டீங்கன்னு சந்தையில சொல்றாங்க. ஜோடிதான்னு நீங்க சொன்னா, பிள்ளையை இவர்கிட்ட அனுப்பிடறேன். செத்தவ பிள்ளையை அவ சனத்துகிட்ட சேர்க்காம வெச்சுக்கிட்டா எனக்குத் தூக்கம் வராது. இல்லைன்னு சொன்னா, இவர் எங்க தெருப்பக்கம் வரக் கூடாது."

"சம்மதம்," என்றார் ஷிகெமட்சு.

"எனக்குச் சம்மதம் இல்லை," என்றாள் ஓரின்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் சொன்னா இவர் கையில ஒரு பதில் இருக்கும். கண் இருக்காது. ஒரு பிள்ளையைக் கூட்டிட்டுப் போறவருக்குக் கண் வேணும்." அவள் ஒரு கூடையை அவர் பக்கம் தள்ளினாள். "கத்துக்கட்டும். இவரே பார்த்து, இவரே சொல்லட்டும். சொல்லும்போது நான் பக்கத்துல இருப்பேன். பொய்யா இருந்தா எனக்குத் தெரியும்."

"எத்தனை நாள் ஆகும்?" என்றார் ஷிகெமட்சு.

"கூடை காலியாகிற வரைக்கும்."

ஃபுமி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "ரொம்ப இருக்கே," என்றாள்.

*

கூடையில் நாற்பது வளையங்களும் நாற்பது குமிழ்களும் இருந்தன.

ஷிகெமட்சு உட்கார்ந்தார். கொக்கு வளையத்துக்குப் பக்கத்தில் கொக்குக் குமிழை வைத்தார். மூங்கிலுக்குப் பக்கத்தில் மூங்கில். நண்டுக்குப் பக்கத்தில் நண்டு. மதியத்துக்குள் நாற்பது ஜோடியும் வரிசையாகப் பாயில் நின்றன.

ஓரின் வந்தாள். பாயின் ஓரத்தைத் தூக்கினாள். எல்லாம் கூடைக்குள் சரிந்தன.

"எது தப்பு?"

"எல்லாத்தையும் கவிழ்த்து வைங்க."

"கவிழ்த்தா படம் தெரியாதே!"

"ஆமா."

அவர் கவிழ்த்து வைத்தார். உள்பக்கம் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. செம்பு, அரம் ராவிய கோடு, அழுக்கு. அவ்வளவுதான்.

மறுநாளும் ஒரே மாதிரி இருந்தன. அடுத்த வாரமும்.

மூன்றாவது வாரம் அவருக்குப் பொறுமை போயிற்று. அடுத்தவர் பொருளைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தன் தட்டையே எடுத்தார். சாம்பலையும் காடியையும் குழைத்து, துடுப்பு பளிச்சென்று தெரியட்டும் என்று கீழ் விளிம்பிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.

ஓரின் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏன் தேய்க்கிறீங்க?"

"அழுக்கு."

"யாரோட அழுக்கு?"

ஷிகெமட்சு சாம்பல் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஓரின் தட்டை வாங்கித் துடைத்து அவர் மடியில் வைத்தாள். மறுநாள் காலையில் கூடை மட்டும் அவர் இடத்தில் தயாராக இருந்தது.

*

மூன்று மாதம் ஆனபோது கோடுகள் பேச ஆரம்பித்தன.

ஒருவன் அரத்தை நீளமாக இழுத்து ராவியிருந்தான். ஒருவன் அவசரக்காரன், குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருந்தான். ஒருவன் இடதுகைக்காரன் போலும். எல்லாக் கோடும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. இன்னொருவன் ஒவ்வொரு வேலையையும் முடித்த பிறகு விளிம்பில் ஒரு தடவை, வெறும் பழக்கத்துக்கு, தட்டியிருந்தான்.

இடதுகைக்காரனின் வளையம் ஒன்றையும் குமிழ் ஒன்றையும் ஷிகெமட்சு சேர்த்து வைத்தார். பிறகு திருப்பிப் பார்த்தார். வளையத்தில் நாணல் புல். குமிழில் காட்டு வாத்து.

"படத்துல ஒட்டவே இல்லையே," என்று முணுமுணுத்தார்.

"வாத்து எங்கே போய் ஒளிஞ்சுக்கும்?" என்று ஓரின் அங்கிருந்தே கேட்டாள்.

அவர் நாணலைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

*

சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஒகுமே கடை வாசலில் நின்று குரல் கொடுப்பாள்.

"என்ன பெரியவரே, இன்னும் கூடைதானா?"

"இன்னும் கூடைதான்."

"நல்லது. மெதுவாப் பாருங்க. ஒண்ணும் அவசரம் இல்லை."

பனி கொட்டும் நாளிலும் அவர் வந்தார். இருமலோடும் வந்தார். கைவிரல் விறைத்தால் அக்குளில் சொருகிச் சூடாக்கிக்கொண்டு மறுபடி எடுத்தார்.

ஒருநாள் ஃபுமி தனியாக வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கழுத்துக் கயிற்றைக் கழற்றினாள்.

"வேணும்னா பார்த்துக்குங்க. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

அவர் கை தானாக நீண்டது. பாதியில் நின்றது.

"எனக்கு இன்னும் கண் வரலை. இப்போ பார்த்தா, நான் ஆசைப்படறதுதான் தெரியும்."

"எப்போ வரும்?"

"தெரியலை. மாட்டிக்கோ."

சிறுமி மாட்டிக்கொண்டாள். "இரண்டு கண்ணும் நல்லாத்தானே இருக்கு," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

*

ஒரு வருஷம் முடிந்து, கோடையும் வந்தது. ஓரின் கூடையை எடுத்துவிட்டு ஒரு தாம்பாளத்தை வைத்தாள். அதில் பன்னிரண்டு தட்டுகள்.

"ஆறு பெரிசு, ஆறு சின்னது. எல்லாம் ஒரே பட்டறை, ஒரே மாதிரி பிளம் பூ. இதுல ஒரே ஒரு ஜோடிதான் ஒரே இடுப்புல இருந்தது. எது?"

ஷிகெமட்சு எல்லாவற்றையும் கவிழ்த்தார். அரக்கோடு எல்லாவற்றிலும் ஒன்றே. திருப்பினார். தேய்மானத்தைப் பார்த்தார். நான்கு நாள் பார்த்தார்.

ஐந்தாம் நாள் இரண்டை எடுத்து நீட்டினார். ஒரு பெரியது, ஒரு சிறியது. இரண்டும் ஒரே அளவு, ஒரே இடத்தில், ஒரே மாதிரி தேய்ந்திருந்தன.

ஓரினுக்குச் சிரிப்பில் பழம் புரையேறியது.

"நாற்பது வருஷம் வாள் கட்டினவர் நீங்க. நான் ஒருநாள்கூடக் கட்டினது இல்லை. என்னைச் சொல்ல வைக்கிறீங்களே!"

"என்ன தப்பு?"

அவள் எழுந்தாள். இரண்டு விறகுக் குச்சிகளை எடுத்து அவர் இடுப்புப் பட்டையில் இடதுபக்கம் சொருகினாள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. தெருவுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாள்.

"நான் வீட்டுக்காரி. நீங்க விருந்தாளி. உள்ளே வாங்க."

தெருவில் போன மீன்காரன் நின்று வேடிக்கை பார்த்தான். ஷிகெமட்சுவுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் நடந்தார். நடக்கும்போது இடது கை தானாக நீளக் குச்சியைப் பிடித்தது. கட்டைவிரல், தட்டு இருக்க வேண்டிய இடத்தின் மேல் விளிம்பில் போய் உட்கார்ந்தது. வாசலுக்கு வந்தார். யோசிக்காமல், நாற்பது வருஷப் பழக்கத்தில், நீளக் குச்சியை உருவி வாசலில் வைத்தார். குட்டைக் குச்சியோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் அப்படியே இருந்தார்.

பிறகு தாம்பாளத்தை இழுத்தார். மேல் விளிம்பில் கட்டைவிரல் அளவுக்குப் பளபளத்த ஒரு பெரிய தட்டை எடுத்தார். வயிற்றுப் பக்கம் உடுப்பு உரசி உரசி மழுங்கிய ஒரு சிறிய தட்டை எடுத்தார். ஒன்றைப் போல ஒன்று இல்லவே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஓரின் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

விடுகதைக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் ஷிகெமட்சு எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்து தன் துடுப்புத் தட்டை எடுத்தார். சாம்பலும் காடியும் தின்ற கீழ் விளிம்பைத் தாண்டி, மேலே பார்த்தார். இடதுபக்கமாக, ஒரு விரல் அகலத்துக்கு, இரும்பு மெழுகு போல மின்னியது.

அவர் தன் கட்டைவிரலை அங்கே வைத்தார். இடம் அவர் விரலுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஷின்பெய்க்கு அவரைவிடப் பெரிய கை.

இன்னும் இரண்டு அங்குலம் தேய்த்திருந்தால் அது போயிருக்கும்.

*

அதற்குப் பிறகு அவர் தன் தட்டை மட்டும் எட்டு மாதம் பார்த்தார்.

தட்டின் நடுவில் அலகு நுழைகிற நீளத் துளை. அலகு ஆடாமல் இறுக்கமாக நிற்க, துளையின் ஓரத்தில் உளியை வைத்து அடித்து இரும்பை நெருக்கியிருந்தார்கள். மேலே மூன்று அடி, கீழே இரண்டு அடி. ஒவ்வொரு தடமும் ஓர் அரிசி மணி அளவு.

தினமும் பார்த்த அந்த அரிசி மணிகளில் ஒருநாள் வேறொன்று தெரிந்தது. ஐந்திலும் ஒரே மூலை, எலி கடித்த மாதிரி, குறைந்திருந்தது. அடித்தவனின் உளி அந்த மூலையில் உடைந்திருக்க வேண்டும்.

துடுப்பை யாரும் வெட்டலாம். உடைந்த உளியின் தடத்தை யாரும் பார்த்துச் செய்ய மாட்டார்கள்.

"நாளைக்கு அவங்களை வரச் சொல்லுங்க," என்றார் ஓரினிடம்.

"நீங்க தயார்னு யார் சொன்னது?"

"நான்தான்."

"சரி," என்றாள் ஓரின்.

*

ஒகுமே சொன்ன நேரத்துக்கு வந்தாள். வரும்போது ஒரு துணி மூட்டையும் கொண்டுவந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபுமிக்கு இப்போது வயது பத்து. கயிற்றைக் கழற்றித் தட்டை ஷிகெமட்சுவின் கையில் கொடுத்தாள்.

அவர் தட்டின் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. வாங்கிய உடனே கவிழ்த்தார்.

ஆறு வருஷ உப்பு இரும்பைத் தின்றிருந்தது. துளையின் ஓரம் முழுக்கச் செம்மண் போலத் துரு. அவர் மான்கொம்புத் துண்டை எடுத்தார். சுரண்டவில்லை. நுனியால் தட்டித் தட்டி, ஊதி ஊதி, கொஞ்சம் கொஞ்சமாகத் துருவை உதிர்த்தார். ஒகுமே மூட்டையின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

"ஏன் இந்தப் பக்கம் மட்டும் சப்பையா இருக்கு?" என்று ஃபுமி விளிம்பைக் காட்டிக் கேட்டாள்.

"உடுப்பு உரசித் தேய்ஞ்சது."

"உங்களோடது அப்படித் தேயலையே?"

"பெரிய வாளை வாசல்லயே கழற்றி வெச்சிடணும். சின்னது இடுப்போட வீட்டுக்குள்ள வரும்."

"யார் வீட்டுக்குள்ளயும் வருமா?"

"யார் வீட்டுக்குள்ளயும் வரும். தடுக்க மாட்டாங்க."

ஃபுமி தலையாட்டினாள்.

முதல் அரிசி மணி தெரிந்தது. பிறகு இரண்டாவது. ஷிகெமட்சு வெளிச்சத்துக்கு நகர்ந்தார். ஐந்தும் தெரிந்தன. மேலே மூன்று, கீழே இரண்டு. ஐந்திலும் ஒரே மூலை எலி கடித்திருந்தது.

அவர் இரண்டு தட்டுகளையும் பாயில் கவிழ்த்து வைத்தார், பக்கத்தில் பக்கத்தில்.

"ஜோடிதான்."

அவர் ஓரினைப் பார்த்தார். ஓரின் தட்டுகளைப் பார்த்தாள். தலையை ஒரு தடவை அசைத்தாள்.

ஒகுமே முடிச்சை இறுக்கிக் கட்டினாள். மூட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதுல இவளோட துணி எல்லாம் இருக்கு. இருமல் வந்தா இஞ்சி கொடுங்க. முள்ளங்கி ஊறுகாய் இல்லாம சோறு இறங்காது இவளுக்கு." பிறகு சேர்த்துக்கொண்டாள்: "இடி இடிச்சா பக்கத்துல உட்காரணும். பயம்னு சொல்ல மாட்டா. ஆனா உட்காரணும்."

ஃபுமி உதட்டைக் கடித்துக்கொண்டு பாயின் கோரையை நிமிண்டினாள்.

ஷிகெமட்சு மூட்டையை எடுக்கக் கை நீட்டினார். ஓரின் முந்திக்கொண்டாள். முடிச்சை அவிழ்த்தாள். மேலே இருந்த நீல உடுப்பை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

"கடைசி ஜோடி ஒண்ணு பாக்கி இருக்கு, பெரியவரே."

"எது?"

ஓரின் உடுப்பை உள்பக்கம் வெளியே தெரியும்படி கவிழ்த்துப் போட்டாள்.

*

ஷிகெமட்சு குனிந்தார்.

தோளில் ஒரு மடிப்பு. வளரும் பிள்ளைக்குத் துணியைப் பெரிதாக வெட்டி, தோளில் மடித்துத் தைத்து, உயரம் ஏற ஏறப் பிரித்து விடுவார்கள். பிரித்த இடத்தில் பழைய மடிப்பு, வெளுக்காத நீலக் கோடாக நிற்கும். அவர் எண்ணினார். நான்கு கோடு. நான்கு தடவை யாரோ தையலைப் பிரித்து, மறுபடி தைத்திருந்தார்கள். தையல் வலைக் கண்ணி போலச் சின்னதாக, இறுக்கமாக இருந்தது.

முழங்கை இரண்டிலும் ஒட்டு. ஒட்டுத்துணி நீலத்தில் வெள்ளைப் புள்ளி. புள்ளிகள் கழுவிக் கழுவி மங்கி, நீலம் சாம்பலாகியிருந்தது.

அவர் தலையை நிமிர்த்தினார்.

ஒகுமேயின் உடுப்பும் நீலத்தில் வெள்ளைப் புள்ளிதான். அது உப்புக்காற்றில் பழுத்து மஞ்சளாகியிருந்தது. நிறத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. அவளுடைய உடுப்பின் இடது கை, வலது கையைவிட ஒரு சாண் குட்டை. வெட்டிய ஓரத்தில் அதே தையல்.

இரண்டு வருஷமாக அவள் வாசலில் நின்று குரல் கொடுத்தபோதெல்லாம் அந்தக் கை அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஒகுமே குட்டைக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வலை இழுக்கும்போது கிழிஞ்சது," என்றாள்.

"கிழிஞ்சது இல்லைம்மா," என்றார் ஷிகெமட்சு. "வெட்டினது."

அவர் உடுப்பை மடித்தார். மூட்டைக்குள் வைத்து முடிச்சுப் போட்டார். வாள் கட்டிய கை. முடிச்சு இறுக்கமாக விழுந்தது. மூட்டையைத் தூக்கி ஒகுமேவுக்கும் தனக்கும் சரி நடுவில், பாயில் வைத்தார்.

பிறகு இரண்டு தட்டுகளையும் நிமிர்த்தி, ஃபுமியின் முன்னால் வைத்தார்.

"உன் அப்பாவோடது. இரண்டும் உனக்குத்தான்."

"நான் என்ன செய்யணும்?"

அவர் ஓரினைப் பார்த்தார். ஓரின் பழக்கொட்டைகளை வளையத்திலிருந்து வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலை," என்றார் ஷிகெமட்சு. "நீ பார்த்துச் சொல்லு."

ஃபுமி இரண்டு தட்டுகளையும் கையில் எடுத்தாள். பெரியதைத் தன் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சிறியதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இதை யாரும் வாசல்ல தடுக்க மாட்டாங்க," என்றாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒகுமேயோடு வீட்டுக்குப் போனாள்.